பம்பரம் உட்கார்ந்த நாள்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அடையாள அட்டையில் மட்டும்தான் அது பிழைத்துக் கிடந்தது. ஆராய்ச்சித் தோட்டத்தில் வாசல் காவலாளி முதல் தலைவர் வரை எல்லோருக்கும் அவள் பம்பரம்தான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். சாப்பிடும்போது நடப்பாள், தொலைபேசியில் பேசும்போது நடப்பாள். கூட்டம் என்று கூப்பிட்டால் நாற்காலி நுனியில் அரை உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு, எப்போது முடியும் என்கிற முகத்தோடு இருப்பாள். இப்படிப்பட்டவளை ஒரு கண்ணாடி அறைக்குள் ஏழு நாள் அடைத்து வைக்கலாம் என்று முடிவெடுத்தவரின் புத்தியை என்னவென்று சொல்வது? முடிவெடுத்தவளே அவள்தான் என்பதால் வேறு யாரையும் திட்ட வழியில்லை.

அறை தோட்டத்தின் பின்பக்கம் இருந்தது. நான்கு பக்கமும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. ஈ எறும்பு நுழைய வழியில்லாமல் இடுக்குகளையெல்லாம் ரப்பர் பட்டை வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே தொட்டி தொட்டியாகச் சர்க்கரைவள்ளிக் கொடி, அவரை, சோளம், தக்காளி, கீரை. நடுவில் ஒரு கட்டில், மேசை, தொலைபேசி. ஓரத்தில் தடுப்பு போட்ட கழிப்பறை. உள்ளே இருக்கிற ஆள் விடும் மூச்சில் இருக்கும் கரியமில வாயுவை இலைகள் வாங்கிக்கொள்ளும். வேர் தண்ணீரை மேலே அனுப்பும். வெயில் பட்டதும் இலை இந்த இரண்டையும் சேர்த்துத் தனக்கு வேண்டிய சர்க்கரையைச் செய்துகொண்டு, மிஞ்சுகிற பிராணவாயுவை வெளியே விட்டுவிடும். அதை அந்த ஆள் இழுத்துக்கொள்ளலாம். ஒளிச்சேர்க்கை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் உருப்போட்டு, பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துபோன சங்கதிதான். அதை ஓர் ஆள் உயிரோடு உள்ளே இருந்து நடத்திக் காட்ட வேண்டும் என்பது பம்பரத்தின் இரண்டு வருடப் பிடிவாதம்.

எதற்கு இந்த வேலை என்று தலைவர் கேட்டபோது அவள் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே பதில் சொன்னாள். உலகமும் இப்படி ஒரு மூடின அறைதான், சுவர் எட்டத்தில் இருப்பதால் நமக்கு உறைக்கவில்லை. இத்தனை இலை இருந்தால் ஓர் ஆளுக்குத் தாங்கும் என்று இந்தச் சின்ன அறையில் தெரிந்துகொண்டால், ஊருக்கு எத்தனை மரம் வேண்டும் என்கிற கேள்வி வரும்போது வாய்க்கு வந்ததை அளந்துவிட வேண்டியதில்லை. தலைவருக்கு அவள் நடப்பதைப் பார்த்தே தலை சுற்றியிருக்க வேண்டும். சரி, ஒரே ஒரு தடவை என்று ஒப்புக்கொண்டார். ஏழாம் நாள் மாலை வெளியூர் ஆட்களோடு வந்து கதவைத் தானே திறப்பதாகவும் சொன்னார். அதற்குள் எந்தக் காரணத்துக்காகக் கதவு திறந்தாலும் கதை முடிந்தது. கண்ணாடி அறையைக் காலி செய்து உரமூட்டை அடுக்கிவிடுவார்கள்.

ஒரே ஒரு விதி. பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயுவின் அளவு ஐயாயிரத்தைத் தொட்டால் கதவைத் திறந்தே ஆக வேண்டும். திறந்தவெளியில் அது நானூற்றுச் சொச்சம்தான் இருக்கும். பிராணவாயு குறைந்து மூச்சு முட்டுவதற்கு ரொம்ப நாளாகும். அதற்கு முன்னால் இந்தக் கரியமில வாயு கூடித் தலை கனக்கும், கண்ணைச் செருகும். வாசலுக்கு மேலே சிவப்பு எழுத்தில் அந்த எண் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே பக்கத்து அறையில் அதே எண்ணைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருப்பது அவளுடைய வீட்டுக்காரர். அளவுமானிகள் எல்லாம் அவர் பொறுப்பு. கதவுச் சாவியும் அவர் பொறுப்பு. இரண்டு பேரும் ஒரே இடத்தில் வேலை பார்ப்பதில் ஒரு வசதி, சண்டையை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

முதல் மூன்று நாள் நல்ல வெயில். இரவில் செடிக்கும் வெளிச்சம் இல்லை, அதுவும் நம்மைப் போல மூச்சை விட்டுக்கொண்டு சும்மா கிடக்கும். அதனால் எண் ஏறும். விடிந்து வெயில் விழுந்ததும் மளமளவென்று இறங்கிவிடும். நான்காம் நாள் மேகம் வந்தது. வந்தது பெய்து தொலையவும் இல்லை, கலைந்து போகவும் இல்லை. பெட்டியோடு வந்திறங்கிய வேண்டாத விருந்தாளி மாதிரி அப்படியே தங்கிவிட்டது. அன்றிலிருந்து இரவில் ஏறிய அளவுக்குப் பகலில் எண் இறங்கவில்லை. ஏழாம் நாள் காலை அவள் பல்லைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தபோது நாலாயிரத்து முந்நூறு என்று காட்டியது.

கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தாள். நடந்தால் மூச்சு கூடும், மூச்சு கூடினால் எண் கூடும். அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும் நடந்தாள். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். முழங்கால் தன்பாட்டுக்கு ஆடியது. படுத்துப் பார்த்தாள், கண்ணாடிக் கூரைக்கு மேலே அந்தச் சாம்பல் நிற வானம் முகத்துக்கு நேராக வந்து நின்றது. இரண்டு இரவாகத் தூக்கமும் இல்லை. எழுந்து மறுபடி நடந்தாள்.

தொலைபேசி அடித்தது. அவர்தான். அவள் நடக்கிற நடைக்கு மட்டும் தனியாக இரண்டு தொட்டிச் சோளம் வைத்திருக்க வேண்டும், கணக்கில் அதை விட்டுவிட்டோம் என்றார். அவருக்கு அது நகைச்சுவை. மேகம் எப்போது விலகும் என்று கேட்டாள். மத்தியானத்துக்கு மேல் விலகலாம், விலகாமலும் இருக்கலாம் என்றார். இப்படிப் பதில் சொல்வதற்கு ஒரு மனிதன் எதற்கு, ஒரு காசைச் சுண்டிப் பார்த்துக்கொள்ளலாமே என்று எரிந்து விழுந்துவிட்டு வைத்தாள். வைத்த பிறகு பாவமாக இருந்தது. அவரும் இரண்டு இரவாக நாற்காலியிலேயே கிடக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் நாத்தனார் வந்தாள். ஏழு நாளாக வீட்டையும் அவர்கள் பெண்ணையும் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். கண்ணாடியில் உள்பக்கமாகச் செடிகளின் ஈரம் படிந்து பனிமூட்டம் போலிருந்தது; அது தெரியாமல் அவள் வெளிப்பக்கமாகத் துடைதுடையென்று துடைத்துவிட்டு, அண்ணனிடம் தொலைபேசியை வாங்கிப் பேசினாள்.

"அண்ணி, உங்க பொண்ணு ஒண்ணு கேக்குறா. அம்மா நிஜமாவே அந்த ரூம்லயேதான் இருக்காங்களா, இல்ல பின்பக்கமா நைசா வெளிய போய்ட்டு வர்றாங்களான்னு. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு."

பம்பரம் சிரித்தாள். சிரித்த கையோடு கண் எண்ணுக்குப் போனது. நாலாயிரத்து நானூறு. இன்றைக்கு மாலை அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று பெண்ணிடம் சொல்லச் சொன்னாள். நாத்தனார் கிளம்பிப் போனாள். எல்லாரும் தன்னை நம்பாமல் போனாலும் பரவாயில்லை, இந்த இலைகள் தன்னைக் கைவிட்டுவிட்டன என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எத்தனை இலை, ஒவ்வொன்றும் என்ன அகலம், மேகமூட்டத்தில் எவ்வளவு வாங்கும் என்று கணக்குப் போட்டவர்கள் அவளும் அவரும். மேகத்துக்கும் சேர்த்துத்தான் போட்டார்கள். இவ்வளவு ஏறியிருக்கக் கூடாது.

சும்மா நிற்க முடியாமல் ஒவ்வொரு தொட்டியாகப் போய் விரலை மண்ணில் விட்டு ஈரம் பார்த்தாள். அது அவளுடைய பழக்கம். யோசிக்க வேண்டியிருந்தால் கை எதையாவது நோண்ட வேண்டும். அவரைத் தொட்டியில் விரலை ஆழமாக விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். மண் வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலே இல்லாத மூன்று நாளுக்குப் பிறகு மண்ணுக்கு எங்கிருந்து சூடு? அடுத்த தொட்டியில் விட்டாள். அதுவும் வெதுவெதுப்பு. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். மக்கும் வாசனை.

அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

கதவு மூடுவதற்கு முந்தின நாள் மாலை. கணக்கெல்லாம் முடிந்து, தொட்டி மண்ணை எடைபோட்டு, சோதித்து, எல்லாம் தயார் என்று அவர் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். அவள் மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே வந்தாள். அவரை இலைகள் சற்று வெளிறினாற்போல் தெரிந்தது. தெரிந்ததோ, தெரிந்ததாக அவளுக்குத் தோன்றியதோ. ஏழு நாள் தன்னைச் சுமக்கப்போகிற பிள்ளைகளை அரைவயிற்றோடு எப்படி அனுப்புவது? கை துறுதுறுத்தது. தோட்டத்துக் குப்பைமேட்டிலிருந்து பாதி மக்கிய இலை எருவைக் கூடையில் அள்ளி வந்து, தொட்டிக்கு இரண்டு கை போட்டுக் கிளறிவிட்டாள். ஊருக்குக் கிளம்புகிற பிள்ளைக்கு வேண்டாம் வேண்டாம் என்றாலும் இன்னொரு கரண்டி போடுகிற கை அது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் எல்லாத் தொட்டியையும் மறுபடி சோதித்துக் கணக்குப் போட வேண்டும் என்பார், ஒரு வாரம் தள்ளிப்போகும். இன்னொரு வாரம் காத்திருக்க அவளால் முடியாது.

இலை உயிரோடு இருக்கும்போது காற்றிலிருந்து வாங்கிச் சேர்த்ததையெல்லாம் மக்கும்போது காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்களும் மூச்சுதான் விடுகின்றன, அவளைப் போலவே. உள்ளே ஒருத்திதான் இருக்கிறாள் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, தொட்டிக்குத் தொட்டி கோடிக்கணக்கில் ஒரு கூட்டத்தையே சாப்பாடு போட்டு அவள் உள்ளே குடிவைத்திருக்கிறாள். வெயில் இருந்த நாட்களில் இலைகள் அதையும் சேர்த்துச் சமாளித்துக்கொண்டு அவள் மானத்தைக் காப்பாற்றியிருக்கின்றன. மேகம் வந்ததும் முடியவில்லை. பாவம், அவற்றின் மேல் பழியைப் போட்டாளே! ஊரில் எல்லா இலையும் வாங்குவதும் எல்லாக் குப்பையும் கொடுப்பதும் இப்படித்தான் ஈடாகி ஓடுகிறது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுத்த வாய் அவளுடையது. அவமானத்தில் காது சுட்டது.

தொலைபேசியை எடுத்தாள். சொல்லிவிட்டாள்.

"எத்தன கை?" என்றார்.

"தொட்டிக்கு ரெண்டு."

"எல்லாத் தொட்டிக்குமா?"

"கீரைக்கு மட்டும் ஒண்ணு."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. காகிதத்தில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. அவள் தொலைபேசிக் கம்பி எட்டுகிற தூரத்துக்குள் இங்கும் அங்கும் நடந்தாள். பிறகு அவர் நிதானமாகச் சொன்னார். இப்படியே உட்கார்ந்திருந்தால் தலைவர் வருவதற்குள் ஐயாயிரத்தைத் தொட்டுவிடும். எருவை எடுத்துக் காற்றுப் புகாமல் மூடிவிட்டால் தொடாது. ஆனால் அத்தனை தொட்டியையும் குனிந்து நிமிர்ந்து அள்ளினால் அவள் மூச்சு இரண்டு பங்காகும். அள்ளி முடிப்பதற்குள்ளேயே தொட்டுவிடலாம்.

"அப்ப அள்ளறேன்," என்றாள்.

"தொட்டா நான் தொறந்துருவேன். அதுல பேச்சே கிடையாது."

"தொடட்டும். அப்புறம் பேசுவோம்."

ஏழு நாள் சாப்பாட்டுக்கு அவலும் சத்துமாவும் கொண்டுவந்த இறுக்கமான மூடி போட்ட டப்பாக்கள் காலியாகக் கிடந்தன. சாப்பாட்டுத் தட்டை அகப்பையாக்கிக்கொண்டு மண்டியிட்டாள். ஆத்திரத்தோடு இறங்கினாள், வேறெப்படி இறங்குவாள்? வேர் அறுபடாமல் மேல்மண்ணை வழித்து எடுப்பது ஆத்திரத்தில் நடக்கிற வேலை இல்லை. முதல் சில தொட்டிகளிலேயே வியர்த்துக் கொட்டியது, மூச்சு இரைத்தது. நிமிர்ந்தபோது நாலாயிரத்து அறுநூற்றைத் தாண்டியிருந்தது. இன்னும் சில தொட்டிகள். நாலாயிரத்து எழுநூற்றைம்பது. தலை கனத்தது. நெற்றிப்பொட்டில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. சோளம் முழுவதும் பாக்கி, கீரையும் பாக்கி.

தொலைபேசி அடித்தது. அவள் எடுக்கவில்லை. எடுத்தால் எழுந்து நடக்க வேண்டும், நடந்தால் அதுவும் மூச்சு. அடித்து ஓய்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வந்து நிற்பது மங்கலாகத் தெரிந்தது. உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் காட்டினார். மெதுவாக, மெதுவாக.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேலையை விட முடியாது, அவசரப்படவும் முடியாது. வாழ்க்கையில் எதையும் மெதுவாகச் செய்தறியாதவள் அந்த மண்ணை அவர் சாப்பிடுகிற வேகத்தில் அள்ளத் தொடங்கினாள். அவர் ஒரு தட்டுச் சோற்றைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் அவள் பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்திருப்பாள். எத்தனையோ நாள் அதற்காகச் சலித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது மூக்கால் இழுத்து, நிறுத்தி, விட்டு, ஒரு வழி வழித்து, டப்பாவில் போட்டு மூடினாள். உள்ளுக்குள் ஒவ்வொரு நரம்பும் ஓடு ஓடு என்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். நாலாயிரத்து எண்ணூற்றெண்பது. தொள்ளாயிரத்து இருபது. தொள்ளாயிரத்து அறுபது. இனி பார்க்கக் கூடாது என்று முடிவுசெய்து அடுத்த தொட்டிக்குப் போய் உடனே பார்த்தாள். அறுபத்தைந்து.

கீரைத் தொட்டியின் மண்மேல் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. தட்டால் வழித்தாள், போகவில்லை. மறுபடி வழித்தாள். அது அவள் கையின் நிழல். மூன்று நாளாக அந்த அறையில் எதற்கும் நிழல் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தால் போய்விடுமோ என்று. கழுத்தில் வெயில் சுளீரென்று பட்டது.

எண் தொள்ளாயிரத்து எழுபதில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அவள் அள்ளினாள். இலைகளைப் பார்த்தால் வேலை செய்கிற மாதிரியே தெரியாது, அதுதான் அவற்றிடம் அவளுக்குப் பிடித்ததும் பிடிக்காததும். ஒன்று கூட அசையவில்லை. ஆனால் ஒவ்வொரு இலையின் அடியிலும் கண்ணுக்குத் தெரியாத அத்தனை வாய்களும் திறந்து அவள் விட்ட மூச்சைக் குடிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். தொள்ளாயிரத்து அறுபத்தைந்து. தொள்ளாயிரத்து ஐம்பது. அவள் வாய்விட்டு அழுதாள். அழுதாலும் மூச்சு கூடுமே என்று நினைத்து உடனே நிறுத்திக்கொண்டாள்.

கடைசி டப்பாவை மூடி இறுக்கியபோது எண் நாலாயிரத்து எண்ணூற்றுக்கு வந்திருந்தது. கை, முழங்கால், நெற்றி எல்லாம் மண். கட்டில் வரை போகத் தெம்பில்லை. சர்க்கரைவள்ளித் தொட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்தாள். முழங்கால் ஆடவில்லை. ஒரே ஒரு நிமிஷம் என்று சொல்லிக்கொண்டாள். வெயில் மடியில் விழுந்தது.

முகத்தில் குளிர்ந்த காற்று பட்டது. நன்றாக இருந்தது. கூடவே யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள், அது நன்றாக இல்லை. கன்னத்தில் தட்டினார்கள். கண்ணைத் திறந்தாள். அவர் முகம் வெகு அருகில் இருந்தது. வாய் கோணிக்கொண்டிருந்தது. அவருடைய செருப்பு கீரை மேல் இருந்தது.

செருப்பு எப்படி உள்ளே வந்தது?

"கதவு," என்றாள்.

அவர் பின்னால் கதவு முழுசாகத் திறந்து கிடந்தது. ரப்பர் பட்டை கிழிந்து தொங்கியது. ஒரு மாதம் உட்கார்ந்து அவரே அங்குலம் அங்குலமாக ஒட்டிய பட்டை. கத்தி தேடக்கூட நேரமில்லாமல் கையால் பிய்த்திருக்கிறார். விரல் நகங்களில் ரத்தம் கசிந்தது. வெளிக்காற்று தாராளமாக உள்ளே வந்து அவரைக் கொடிகளை ஆட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் அந்தக் காற்றோடு கலந்து போய்விட்டது.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எழுந்தாள், தடுமாறினாள், தொட்டிகளுக்கு நடுவே நடந்தாள். தூங்கத்தானே செய்தேன், மனுஷி தூங்கக் கூடாதா, இரண்டு ராத்திரி தூங்காதவள் வாயில் ஈ போவது தெரியாமல் தூங்காமல் என்ன செய்வாள், எண் இறங்கிக்கொண்டிருந்ததே, இன்னும் கொஞ்ச நேரத்தில் தலைவரே வந்து திறந்திருப்பாரே என்று கொட்டித் தீர்த்தாள். அவர் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். தொலைபேசியில் விடாமல் கூப்பிட்டதாகச் சொன்னார். கண்ணாடியை ஓங்கி ஓங்கித் தட்டியதாகச் சொன்னார். பனிமூட்டத்துக்குள் அவள் தலை ஒரு பக்கமாகத் தொங்கிக் கிடந்தது மட்டும்தான் தெரிந்ததாம்.

"நீ அசையாம இருந்தே," என்றார். "உன்கூட இத்தன வருஷம் இருக்கேன். நீ அசையாம இருந்து நான் பார்த்ததே இல்ல."

"எண்ணு எவ்வளவு இருந்துச்சு, கதவத் தொறக்கறப்ப?"

அவர் கிழிந்து தொங்கிய பட்டையைப் பார்த்தார். தோட்டத்தில் எந்த அளவுமானி எந்த நேரம் என்ன காட்டியது என்று எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய மனிதர்.

"சொல்லுங்க. எவ்வளவு இருந்துச்சு?"

"பாக்கல."

அவள் நடப்பதை நிறுத்தினாள். ரத்தம் கசிகிற கையை அவர் மண்ணில் ஊன்றிக்கொண்டிருந்தார். தோற்றதில் பாதி அவருடையதும்தான். அந்த எண்ணை நம்பி ஏழு நாள் அவளை உள்ளே விட்டுவைத்தவர், கடைசியில் அதைப் பார்க்காமலே ஓடி வந்திருக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது. இந்த முறை அடக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை, எவ்வளவு வேண்டுமானாலும் மூச்சு விடலாம். அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு கையும் ஒரே மண்.

வாசல் பக்கம் கார்க் கதவுகள் சாத்துகிற சத்தமும், தலைவர் யாருக்கோ வழி சொல்கிற குரலும் கேட்டன. அவர் பதறிக்கொண்டு எழப் பார்த்தார். அவள் கையை விடவில்லை.

"வரட்டும். எருவுல ஆரம்பிச்சு எல்லாத்தையும் நானே சொல்றேன். நீங்க உக்காருங்க."